குறியாக்கவியல் ஆய்வாளருக்கு முதல் மின்னஞ்சல் எழுதும் முன்

தகவல்களைப் பிறர் அறியாமலும் மாற்றாமலும் காக்கும் வழிகளை ஆராயும் குறியாக்கவியலில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களிடமிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. "தங்கள் ஆய்வுத் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு, தங்கள் வழிகாட்டுதலில் பணியாற்ற விரும்புகிறேன்" என்று தொடங்கி, மதிப்பெண் பட்டியலையும் தன்விவரக் குறிப்பையும் இணைத்து முடித்துவிடுகிறார்கள். எழுதியவர் மிக நல்ல மாணவராகவே இருக்கலாம். ஆனால் அவர் எப்படிச் சிந்திப்பவர் என்பதை அறிய அந்த வரிகளில் எந்த வழியும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் அணுக நினைக்கும் ஆய்வாளரின் ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் பெரும்பாலான கட்டுரைகள் ஐ.ஏ.சி.ஆர். என்னும் பன்னாட்டுக் குறியாக்கவியல் ஆய்வு அமைப்பின் ஈப்ரின்ட் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அண்மைக் காலத்தில் வெளியான ஒன்றாக இருந்தால் நல்லது; அவருடைய மனமும் இப்போது அதன் அருகில்தான் இருக்கும். அதைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, உங்களால் மேற்கொண்டு நகர முடியாத இடம் வரும்வரை படியுங்கள். நீங்கள் நின்றுபோகும் அந்த இடம்தான் உங்கள் மின்னஞ்சலுக்கான பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். செய்தியை ஹாஷ் செய்து, அதாவது குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்த மதிப்பின்மீது ஆர்.எஸ்.ஏ. என்னும் புகழ்பெற்ற முறையில் மின்கையொப்பமிடும் 'ஃபுல் டொமைன் ஹாஷ்' முறைக்குப் பெல்லாரே, ரோகவே என்னும் ஆய்வாளர்கள் ஒரு பாதுகாப்பு நிரூபணம் தந்திருக்கிறார்கள். போலிக் கையொப்பம் இடக்கூடியவர் ஒருவர் இருந்தால், அவரைக் கொண்டே ஆர்.எஸ்.ஏ. முறைக்கு அடிப்படையான, தீர்க்க மிகக் கடினமென்று கருதப்படும் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்பது அதன் சாரம். ஆனால் அவர் எந்தச் செய்திக்குப் போலிக் கையொப்பம் இடுவார் என்பதை நிரூபணம் முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். அவர் கேட்கும் ஹாஷ் மதிப்புகளின் எண்ணிக்கை எவ்வளவோ, அந்த அளவுக்கு ஊகம் பலிக்கும் வாய்ப்பு குறைகிறது; நிரூபணம் தரும் பாதுகாப்பு உறுதியிலும் அதே அளவு இழப்பு நேர்கிறது. கவனமாகப் படிக்கும் மாணவர் இங்கே நின்று, இந்த ஊகம் உண்மையிலேயே தவிர்க்க முடியாததா என்று கேட்பார். 2000-ஆம் ஆண்டு கிரிப்டோ என்னும் எங்கள் துறை மாநாட்டில் கோரோன் என்ற ஆய்வாளர் இந்த இழப்பை ஹாஷ் வினவல்களின் (அவர் கேட்கும் ஹாஷ் மதிப்புகளின்) எண்ணிக்கையிலிருந்து கையொப்ப வினவல்களின் (அவர் கேட்டுப் பெறும் கையொப்பங்களின்) எண்ணிக்கை அளவுக்குக் குறைத்துக் காட்டினார். ஹாஷ் வினவல்கள் 2-இன் 60-ஆம் அடுக்கு, கையொப்பங்கள் 2-இன் 30-ஆம் அடுக்கு என்று வைத்துக்கொண்டால், அடுக்கெண்ணைப் பிட் என்று கணக்கிட்டால் 60 பிட் இழப்பு ஏறத்தாழ 30 பிட்டாகக் குறைகிறது; நிரூபணத்தை நம்பிச் சாவியின் நீளத்தைத் தீர்மானிப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. உங்கள் கேள்விக்கு முன்பே விடை கிடைத்திருந்தாலும் குறையில்லை. சரியான இடத்தில் நின்றிருக்கிறீர்கள் என்பது ஆய்வாளருக்குப் புரிந்துவிடும். இத்தகைய அரைப்பக்கக் கணக்கொன்றை இணைத்தால், மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் பேசும்.

சொந்தமாக ஒரு புதிய குறியாக்க முறையை உருவாக்கி, இதை யாராலும் உடைக்க முடியாது என்று எழுதி அனுப்புவதைத் தயவுசெய்து தவிருங்கள். 2011-இல் வெளியான ஒரு கருத்திலிருந்து வளர்ந்த சைக் (SIKE) என்னும் குறியாக்க முறையை உலகின் தேர்ந்த ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், புதிய குறியாக்க முறைகளைத் தேர்ந்தெடுக்க நடத்திய தேர்வில் அது நான்காம் சுற்று வரைக்கும் வந்தது. 2022-இல் காஸ்ட்ரிக், டெக்ரூ என்னும் ஆய்வாளர்கள், 1997-இல் வெளியான, கானி என்ற கணிதவியலாளரின் தேற்றம் ஒன்றைக் கொண்டு, தேர்வுக்கு அனுப்பப்பட்டவற்றில் அதன் மிகச் சிறிய பதிப்பின் சாவியைக் கணினிச் செயலியின் ஒற்றைக் கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்கு மாறாக, ஒரு குறியாக்க முறையை உடைக்க ஏற்கெனவே உள்ள ஒரு தாக்குதலைச் சேஜ் என்னும் கணித மென்பொருளில் சிறிய எண்களுக்கு நீங்களே எழுதி இயக்கிப் பார்த்து, எந்த அளவுக்கு மேல் அது நின்றுபோகிறது என்று எழுதினால், உங்களோடு பேச எங்களுக்கு நிறைய இருக்கும்.

கேட்பதும் சிறிதாக இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் வழிகாட்டச் சொல்வதைவிட, இந்தக் கேள்வியைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேட்பது இருவருக்கும் எளிது. அந்த ஆய்வாளரிடம் முன்பு படித்த மாணவர்களின் திட்ட அறிக்கைகளைப் படிக்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலுடன் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் சேர்ந்து, பகா எண்ணைக் கண்டறியும் புகழ்பெற்ற வழிமுறையை 2002 ஆகஸ்டில் வெளியிட்டபோது, அவ்விருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அகர்வாலிடமே முந்தைய ஆண்டு படித்த இரு மாணவர்கள் தங்கள் பி.டெக். திட்ட அறிக்கையில் விட்டுச்சென்ற இடத்திலிருந்துதான் கயால், சக்சேனா இருவரின் வேலை தொடர்ந்தது.

எழுதும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிப்டோ மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாள் வழக்கமாகப் பிப்ரவரியிலும், யூரோகிரிப்ட் என்னும் இன்னொரு மாநாட்டுக்கு அக்டோபர் தொடக்கத்திலும் வரும். அதையொட்டிய வாரங்களில் வரும் மின்னஞ்சல்கள் அடியில் போய்விடும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அவருடைய முனைவர் பட்ட மாணவர்களில் ஒருவருக்கு எழுதுங்கள். அவர்களிடம் நேரமும் இருக்கும். நீங்கள் தடுமாறும் இடத்தை அவர்களும் அண்மையில்தான் கடந்து வந்திருப்பார்கள்.

சேர்ந்து வேலை தொடங்கிவிட்டால் இரண்டு செய்திகளை முதல் சந்திப்பிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் சொன்ன, இன்னும் வெளியாகாத கருத்தை அவர் இசைவின்றி நண்பர்களிடம்கூடப் பகிரக் கூடாது. இரண்டாவது, ஆசிரியர் பெயர்களின் வரிசை. குறியாக்கவியலில், குறிப்பாகக் கோட்பாட்டுக் கட்டுரைகளில், பெயர்களை அகர வரிசையில் போடுவதே வழக்கம் என்பதால், உங்கள் பெயர் கடைசியில் வந்தால் பங்களிப்பு குறைவு என்று பொருளாகாது. எந்த அளவு பங்களித்தால் பெயர் சேரும் என்பதைத்தான் கேட்க வேண்டும். நல்ல ஆய்வாளர் எவரும் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.