பல் எடுத்த இடம் யாருக்குப் போச்சு?

2022 பிப்ரவரியில், பல்லுக்குக் கிளிப் போடுவதற்காக எனக்கு நான்கு பற்களை எடுத்தார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு, எல்லாமே சிங்கப்பல்லை ஒட்டி இருக்கும் முன்கடைவாய்ப் பற்கள். தூக்கலாக இருந்த முன்வரிசை உள்ளே போக இடம் வேண்டும் என்பதற்காக எடுத்தது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 7 மி.மீ. இடம். சிரித்தால் தெரியும், கீரை சாப்பிட்டால் அடைத்துக்கொள்ளும்.

முதல் ஆறு மாதம் மெல்லிய நிக்கல் டைட்டேனியம் கம்பி போட்டுப் பற்களை வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் தடித்த ஸ்டீல் கம்பி. கம்பி மெல்லியதாக இருக்கும்போதே இழுத்தால் பல் நிமிர்ந்து நகராது, தலை சாய்ந்துவிடும். இடைவெளி மூடியதுபோலத் தெரியும், வேர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

செப்டம்பரில் இழுப்பு தொடங்கியது. கடைவாய்ப் பல்லிலிருந்து முன்பல் வரை ரப்பர் செயின். ஐந்து மாதத்தில் மேலே இருந்த இடைவெளி 7-லிருந்து 3 மி.மீ. ஆனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உறுத்தியது. இடம் குறைந்திருக்கிறது, முன்பல் மட்டும் பெரிதாக உள்ளே போகவில்லை. கிளினிக்கில் கேட்டால், "நல்லா மூடிட்டு வருதே, பொறுமையா இருங்க" என்றார்கள்.

மனசு கேட்கவில்லை. அங்கிருந்த எக்ஸ்ரே, பிளாஸ்டர் அச்சு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பெங்களூரு அல்சூரில் இன்னொரு டாக்டரிடம் போனேன். கன்னடக்காரர், ஆனால் தமிழ் சரளமாகப் பேசுவார். பக்கவாட்டில் எடுத்த பழைய எக்ஸ்ரேயை முதலில் படியெடுத்தார். பிறகு புதிதாக ஒன்று எடுத்து, அதையும் மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து, இரண்டையும் வெளிச்சப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மேல் கடைவாய்ப் பல்லின் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. "நாலு பல்லு எடுத்தாச்சு, சரி. அந்த இடம் யாருக்குப் போச்சுன்னு பாருங்கம்மா" என்றார்.

கயிறு இழுக்கிற போட்டி மாதிரிதான். பின்னால் இருக்கும் பல்லைப் பிடிமானமாக வைத்து முன்பல்லை இழுத்தால், பின்பல்லும் முன்னே வரும். கீழ்த்தாடையைவிட மேல்தாடையில் இது சுலபமாக நடக்கும். எனக்கு மேலே குறைந்த 4 மி.மீ.யில் பாதிக்குமேல் கடைவாய்ப் பல் முன்னே வந்ததால் மூடியது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல பற்களைக் கொடுத்து வாங்கிய இடமல்லவா அது.

மிச்சம் இருந்த 3 மி.மீ.யை முழுவதும் முன்பல்லுக்கே கொடுக்க மினி ஸ்க்ரூ போட முடிவானது. 8 மி.மீ. நீளத்தில் சின்னத் திருகு. கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கு முன்னால் இருக்கும் பல்லுக்கும் நடுவே, ஈறு வழியாக எலும்பில் ஏற்றுவார்கள். பின்பல்லுக்குப் பதில் இனி இதுதான் பிடிமானம். மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ஊசிதான் வலித்தது, திருகும்போது அழுத்தம் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து அரைமணி நேரம் ஆகவில்லை. இடது பக்கத் திருகு மூன்றாவது வாரம் ஆடியது, எடுத்து வேறு இடத்தில் போட்டார். இது நடக்கக்கூடியதுதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

ரப்பர் செயினுக்குப் பதில் திருகிலிருந்து கம்பிக் கொக்கிக்கு நிக்கல் டைட்டேனியம் ஸ்பிரிங் மாட்டினார். செயின் முதல் நாளிலேயே பாதி இழுவிசையை இழந்துவிடும், அதனால்தான் மாதாமாதம் மாற்றுகிறார்கள். ஸ்பிரிங் சீராக இழுக்கும். கம்பியிலேயே வளையம் வளைத்து, பல்லைக் கம்பியில் வழுக்க விடாமல் மூடுகிற முறையும் உண்டு. அதில் உராய்வுத் தொல்லை இல்லை, ஆனால் வளைப்பவர் கை தேர்ந்ததாக இருக்க வேண்டும், வளையம் கன்னத்தில் குத்தவும் செய்யும் என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை. கீழே செயினே போதுமானதாக இருந்தது.

மாதத்துக்கு 1 மி.மீ. நகர்ந்தால் நல்ல வேகம். அதற்குமேல் அவசரப்பட்டு பலமாக இழுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், பிடிமானமும் போகும், வேருக்கும் கெடுதல். 2023 ஜூலையில் மேலே மூடியது. கடைசியில் அந்த இடத்தில் ஈறு மடிந்து சுருக்கம் விழுந்தது. சின்ன பிரஷ்ஷால் தினமும் அங்கே தனியாகத் தேய்த்தேன்.

பல் எடுக்கச் சொன்னால், எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: இந்த இடத்தில் எவ்வளவு முன்பல்லுக்கு, எவ்வளவு பின்பல்லுக்கு? பின்பல்லை எதை வைத்து நிறுத்தப்போகிறீர்கள்? நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

மூடிய பிறகும் இரண்டு மாதம் எட்டுப்போல முறுக்கிய கம்பியால் பற்களைக் கட்டியே வைத்திருந்தார்கள், மறுபடி விரியாமல் இருக்க. 2024 ஜனவரியில் கிளிப்பைக் கழற்றினார்கள். பற்கள் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரை இன்றும் இரவில் போடுகிறேன். போன வாரம் பல்நூல் விட்டுப் பார்த்தேன். நான்கு இடங்களிலும் இறுக்கமாக, 'டிக்' என்ற சத்தத்தோடுதான் இறங்கியது.