இண்டிகேட்டர் போடாத சொகுசு கார்

காலையில் ஒரு சொகுசு கார் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே நுழைந்தது. நான் பிரேக் அடித்த அடியில் பக்கத்து சீட்டில் இருந்த பை கவிழ்ந்து சில்லறையெல்லாம் சீட்டுக்கடியில் போய்விட்டது. "பணக்காரத் திமிர்" என்றது வாய். அடுத்த சிக்னலுக்குள் ஒரு பழைய வேனும் அதையே செய்தது. "பாவம், என்ன அவசரமோ" என்று விட்டுவிட்டேன்!

சரி, இது வெறும் வயிற்றெரிச்சலும் இல்லை. 2012இல் வெளியான உளவியலாளர் பால் பிஃப் குழுவின் கலிபோர்னியா ஆய்வில், பாதசாரிக்காக நிற்காமல் போனவை மிக உயர்தரக் கார்களில் ஏறக்குறைய பாதி. மிக மலிவானவை எல்லாமே நின்றன. (கவனித்தது மொத்தம் 152 கார்கள்தான்.)

எனக்குப் பிடித்தது 2020இல் வந்த ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வு. விட்டுக்கொடுக்காத, வாக்குவாதம் பிடித்த ஆண்கள் ஆடி (Audi), பிஎம்டபிள்யூ, பென்ஸ் பக்கம் அதிகம் சாய்கிறார்களாம். அதாவது கார் ஆளைக் கெடுக்கும் முன்பே ஆள் காரைத் தேடிப் போகிறார். ஆனால் பொறுப்பும் ஒழுங்கும் உள்ள ஆண், பெண் இருபாலரும் அதே கார்களைத்தான் விரும்புகிறார்கள். அவர்கள் இண்டிகேட்டர் போட்டு, வழிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் கண்ணில் எங்கே படப்போகிறார்கள்?

சில்லறை இன்னும் சீட்டுக்கடியில்தான் கிடக்கிறது.