ஓதச் சுவரும் முப்பத்தாறு அஞ்சலட்டைகளும்

கோத்தகிரியில் நான் குடியிருக்கும் வீட்டின் வடக்குச் சுவரில் ஆண்டுதோறும் ஐப்பசியில் ஓதம் ஏறும். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுவதால், எங்கள் பக்கத்துக்கு மழை என்றால் அது வடகிழக்குப் பருவமழைதான். சென்ற ஆண்டு அந்த மழையின் முதல் வாரத்தில், சிறார் நூல் ஒன்றுக்கு நான் வரைந்து அனுப்பிய படங்களுக்குப் பதில் வராமல் காத்திருந்த நாளொன்றில், சுவரின் கறை ஒன்றில் ஒரு கிழவியின் மூக்கு தெரிந்தது. எழுந்துபோய் டிரேசிங் தாளை வைத்து அதன் விளிம்பைப் பென்சிலால் எடுத்தேன். அன்று தொடங்கிய விளையாட்டு தை பிறக்கும்வரை நீண்டது. இப்படி ஒன்றைச் செய்துபார்க்க விரும்பும் ஓவியர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

கறை படிந்த சுவரை உற்றுப் பார்க்கப் பழகினால் அதில் நிலக்காட்சிகளும் போர்க்களங்களும் முகங்களும் தோன்றும் என்று லியொனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்திருக்கிறார். அது உண்மைதான். ஆனால் பத்து நாள்களில் நான் எடுத்த பதினேழு கறைகளில் பதினொன்று பறவைகளாகவே முடிந்தன. கறைகள் ஒவ்வொன்றும் வேறாகத்தான் இருந்தன. என் கைதான் பழகிய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. இதற்கு வேறு கைகள் வேண்டும் என்று அப்போது தோன்றியது.

ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்துக்கொடுக்க, அதைப் பார்க்காமலேயே அடுத்தவர் உடலை வரையும் விளையாட்டு 1925 வாக்கில் பாரிஸில் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனும் அவருடைய நண்பர்களும் ஆடியது. அதை அஞ்சலட்டையில் ஆடலாம் என்று கொடைக்கானலில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் தோழியிடமும், குன்னூரில் பெயர்ப்பலகை எழுதும் தம்பி ஒருவரிடமும் கேட்டேன். தலை எனக்கு, உடல் தோழிக்கு, கால்கள் தம்பிக்கு. வாரத்துக்கு ஆளுக்கு ஓர் அட்டை, பன்னிரண்டு வாரம். அட்டையை மடிக்க முடியாது என்பதால், மூன்று அட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் உருவம் முழுமையாக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அவை எப்படிப் பொருந்தும் என்பதற்குத் தோழிதான் வழி சொன்னாள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனின் கரும்புள்ளிகளையும் பிற கூறுகளையும் கட்டமிட்ட வட்டத்துக்குள் கையால் வரைந்து குறித்துவந்தார்கள். பல கைகள் வரைந்த படங்களானாலும், கட்டம் ஒன்றாக இருப்பதால் ஒரு நாளின் படத்தை இன்னொரு நாளின் படத்தோடு வைத்துப் பார்க்க முடிகிறது. "நமக்கும் அப்படி ரெண்டு புள்ளி போதும்" என்றாள். அஞ்சலட்டை 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதை நெடுக்குவாட்டில் வைத்து, இணையும் விளிம்பில் 3 சென்டிமீட்டரிலும் 6 சென்டிமீட்டரிலும் ஒவ்வொரு புள்ளி. கழுத்தோ இடுப்போ எதுவானாலும் அந்த இரண்டு புள்ளிகளின் வழியாகத்தான் அட்டையை விட்டு வெளியேற வேண்டும். இந்த ஒரு விதியால் எந்தத் தலையும் எந்த உடலோடும் பொருந்தும். 12 தலை, 12 உடல், 12 கால் சேர்ந்தால் 1,728 உருவங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது விதி என்னுடையது: ஒவ்வொரு அட்டையிலும் என் சுவரின் கறை ஒன்றின் விளிம்பு இருக்க வேண்டும். டிரேசிங் தாளின் பின்புறம் பென்சில் கரியைத் தேய்த்து, அதை அட்டைமேல் வைத்து விளிம்பின்மேல் மீண்டும் அழுத்தி வரைந்தால் மெல்லிய தடம் பதியும். அவ்வாறு பதித்த அட்டைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக உறையிலிட்டு இருவருக்கும் அனுப்பினேன். என் தலைகளையும் எனக்கே அஞ்சலில் சேர்த்துக்கொண்டேன். எல்லாம் ஒரே பயணம் போய்வந்தவையாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அட்டை 50 காசு; முப்பத்தாறுக்கும் சேர்த்து 18 ரூபாய்.

முதல் வாரமே மழை பாடம் கற்பித்தது. தோழி ஊற்றுப்பேனா மையால் வரைந்த உடல், நீலக் குட்டையாக வந்துசேர்ந்தது. அதன்பின் மூவரும் நீரில் கரையாத நிறமி மைப் பேனாவுக்கு மாறினோம். வரைந்த அட்டையை ஒரு நாள் முழுக்க உலரவிட்டே பெட்டியில் போட்டோம். அஞ்சலட்டைத் தாள் மெல்லியது, தூரிகை நீரைத் தாங்காது. ஆகவே வண்ணம் வேண்டும் என்றால் வண்ணப் பென்சில்தான். ஈரத்தில் சுருண்டு வந்த அட்டைகளை இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நிமிர்த்தினேன்.

மழையைவிடப் பெரிய தவறு என்னுடையது. ஐந்தாம் வாரம் குன்னூரிலிருந்து வந்த அட்டையில் ஒரு கால் தரையைத் தொடாமல் பாதியில் நின்றிருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டார் என்று எண்ணி, என் பேனாவால் அந்தக் கோட்டைக் கீழே வரை நீட்டி, படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அன்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் அட்டையும் வரவில்லை. நான் தொலைபேசியில் அழைத்தபோது, "அக்கா, அது நொண்டிக் கால். தெரிஞ்சேதான் அப்படி வரைஞ்சேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஆண்டு முழுக்கப் பிறர் கேட்டபடி எழுத்துகளை நேராக எழுதும் ஒருவர், தன் விருப்பத்துக்குக் கோணலாக வரைந்த ஒன்றே ஒன்றை நான் நேராக்கியிருந்தேன். பதிப்பாளர்கள் என் படங்களில் கை வைத்தபோது எனக்கு எப்படி வலித்தது என்பது அப்போதுகூட உடனே நினைவுக்கு வரவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் வந்தது.

மன்னிப்புக் கேட்டு எழுதி, அந்த அட்டையையும் உறையிலிட்டு அவருக்கே திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அது திரும்பி வந்தது. நான் நீட்டிய கோட்டுக்குக் கணுக்களும் மேலே ஒரு வளைவும் போட்டு அதை ஊன்றுகோலாக்கியிருந்தார். கால் பழையபடி அந்தரத்தில் நின்றது. அதோடு நிலுவையிலிருந்த அட்டையும் வந்தது. அதன்பிறகு வந்த எந்த அட்டையிலும் நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

போகிக்கு நான்கு நாள் முன்னதாகக் கடைசி உடல் வந்தது. மறுநாள் வீட்டுக்காரர் பொங்கலுக்காகச் சுவருக்கு வெள்ளையடித்தார். மூக்குக் கிழவி மறைந்துவிட்டாள். அன்று மாலை முப்பத்தாறு அட்டைகளையும் கூடத்துத் தரையில் பரப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை அழைத்தேன். தலை, உடல், கால் என்று நான் அடுக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் ஊன்றுகோல் அட்டையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி ஓர் உடலுக்கு மேலே வைத்தாள். 3-க்கும் 6-க்கும் இட்ட புள்ளிகள் எப்படித் திருப்பினாலும் அதே இடத்தில்தானே வரும்; கோடுகள் அச்சாகப் பொருந்தின. "இது கால் இல்ல ஆன்ட்டி, கொம்பு" என்றாள். அப்படிப் பார்க்க மூவருக்கும் பன்னிரண்டு வாரமும் தோன்றவில்லை. அதைப் படமெடுத்துக் குன்னூருக்கு அனுப்பினேன். இம்முறை பதில் உடனே வந்தது.