மெட்ராஸ்ல ஏறி மதுரைல எறங்குன 460 கோடி வருஷம்: புவி அமைப்பு பாடத்தை நான் படிச்ச கதை

குரூப் 2 பிரிலிம்ஸ்க்கு படிக்கிறவங்க நிறைய பேரு பூமியோட உள்ளமைப்பு, தட்டு நகர்வு, புவியியல் காலம் இந்த மூணையும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளி வெச்சிருவாங்க. நானும் மொத தடவை அதையேதான் பண்ணேன், கடைசி நாலு நாள்ல பாயிண்ட் பாயிண்ட்டா எழுதி சுவத்துல ஒட்டி, மேலோடு இத்தனை கிலோமீட்டர் கவசம் இத்தனை கிலோமீட்டர்னு உருப்போட்டுட்டு போனேன், ஹால்ல உக்காந்ததும் எல்லாம் கலங்குன குட்டை மாதிரி ஆயிருச்சு. அந்த வருஷம் கட் ஆஃப்ல கோட்டை விட்டேன். அடுத்த தடவை தாண்டுனேன். நடுவுல என்ன மாத்துனேன்னு அடிக்கடி கேக்குறாங்க, அதான் ஒரே தடவையா எழுதிடலாம்னு.

மொதல்ல ஒரு அசிங்கத்தை சொல்லிடறேன். ஒரு மாக் டெஸ்ட்ல டைனோசர் எப்போ அழிஞ்சுதுன்னு கேள்வி. நான் படிச்ச நோட்ஸ்ல 66 மில்லியன்னு இருந்துச்சு, ஆப்ஷன்ல 66 கோடி, 6.6 கோடி, 66 லட்சம்னு இருந்துச்சு, நான் 66ங்குற நம்பரை பாத்ததும் குஷியாகி 66 கோடியை டிக் பண்ணிட்டேன். 66 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர் என்ன, எலும்புன்னு ஒன்னே உலகத்துல எந்த உயிருக்கும் கிடையாது. தமிழ் மீடியத்துல படிக்கிறவங்க இதை மொதல்ல மண்டைல ஏத்திக்கோங்க: மில்லியனை பத்தால வகுத்தா கோடி, அவ்ளோதான். 252 மில்லியன்னா 25.2 கோடி. பில்லியன்னா 100 கோடி. நோட்ஸ் எடுக்கும்போதே எல்லாத்தையும் கோடிக்கு மாத்தி எழுதிருங்க, ஹால்ல உக்காந்து மாத்தவே மாத்தாதீங்க.

இன்னொரு தொல்லை வார்த்தை. ஒரு புக்ல கவசம்னு போட்ருப்பான், ஒரு கைடுல மூடகம், இன்னொன்னுல மேன்டில்னே இருக்கும், மூணும் ஒன்னுதான், மேலோட்டுக்கு கீழ இருக்க தடிமனான அடுக்குதான்னு தெரியாம மூணு அடுக்குன்னு நெனச்சு படிச்ச ஆள் என் ரூம்லயே இருந்தான். ஸ்கூல் புக்ல ஒன்பதாவதும் பதினொன்னாவதும் எடுத்துக்கோங்க, அதுல இருக்க வார்த்தையை உங்க வார்த்தையா வெச்சுக்கோங்க, மத்ததை பக்கத்துல பென்சில்ல எழுதி வெச்சா போதும்.

சரி, உள்ளமைப்புக்கு வரேன். மனப்பாடம் நிக்காததுக்கு காரணம் அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு நமக்கு தெரியாததுதான். பூமியோட ஆரம் 6371 கி.மீ. ரஷ்யாக்காரங்க கோலா தீபகற்பத்துல வருஷக்கணக்கா தோண்டி 1989ல எட்டுன ஆழம் 12,262 மீட்டர், அதாவது பன்னெண்டே கால் கிலோமீட்டர். மாம்பழத்துல தோலைக்கூட தாண்டலை. அப்புறம் எப்படி 2900 கி.மீ.ல கருவம், அதாவது பூமியோட நடுப்பகுதி, ஆரம்பிக்குதுன்னு தைரியமா சொல்றாங்க? இந்த கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கிட்ட அன்னைக்குதான் இந்த சாப்டர் கொஞ்சம் பிடிபட்டுச்சு.

பதில் நிலநடுக்கம். இதுல நம்ம நாட்டு கதை ஒன்னு இருக்கு, நிறைய பேரு இதை ஸ்கிப் பண்ணிருவாங்க. 1897 ஜூன் 12 அசாம்ல பெரிய நிலநடுக்கம், அப்ப ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுல வேலை பாத்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம்ங்குறவர் அந்த பதிவுகளை வெச்சுதான் பி அலை, எஸ் அலை, மேற்பரப்பு அலைன்னு மூணும் தனித்தனியா வந்து சேருதுன்னு பிரிச்சு காட்டுனாரு. அவரே 1906ல உள்ள ஒரு கருவம் இருக்குன்னும் சொன்னாரு. பி அலை திடப்பொருள்லயும் போகும் திரவத்துலயும் போகும், எஸ் அலை திரவத்துல போகாது. ஒரு கயித்தை புடிச்சு ஒதறுனா அலை அலையா போகும், தண்ணிக்குள்ள அந்த மாதிரி ஒதற முடியுமா, அதான் எஸ் அலை. நிலநடுக்க மையத்துல இருந்து சுமார் 104 டிகிரிக்கு அந்தப்பக்கம் எஸ் அலை வந்து சேரவே மாட்டேங்குது, அப்போ நடுவுல எதுவோ திரவமா இருந்து தடுக்குது, அது வெளிக்கருவம். முடிஞ்சுது. நிழல் மண்டலம்னு புக்ல போட்ருக்கறது இதைத்தான்.

அப்புறம் 1936ல இங்கே லேமன் (Inge Lehmann)னு டென்மார்க்ல ஒரு அம்மா, நியூசிலாந்துல 1929ல நடந்த நிலநடுக்கத்தோட பதிவை வெச்சு, வரக்கூடாத எடத்துல லேசா பி அலை வருதேன்னு யோசிச்சு, திரவத்துக்கு உள்ள இன்னொரு கருவம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தம்மா 104 வயசு வரைக்கும் இருந்தாங்க. உள்கருவம் 5000 டிகிரிக்கு மேல கொதிச்சும் ஏன் திடமா இருக்குன்னு கேட்டா, அழுத்தம். குக்கர்ல 100 டிகிரியை தாண்டியும் தண்ணி தண்ணியாவே நிக்குதுல்ல, ஏறக்குறைய அந்த லாஜிக்.

இது தெரிஞ்சா கூற்று–காரணம் கேள்வில விழ மாட்டீங்க. உதாரணத்துக்கு "புவித்தட்டுகள் உருகிய பாறைக்குழம்பின் மேல் மிதக்கின்றன"ன்னு ஒரு வாக்கியம் வந்தா நூத்துக்கு தொண்ணூறு பேரு சரின்னு போட்ருவாங்க. தப்பு. எஸ் அலை கவசம் வழியா நல்லா போகுது, அப்போ கவசம் திடப்பொருள்தான், கோடிக்கணக்கான வருஷ கணக்குல மெதுவா நகருது, அவ்ளோதான். அதே மாதிரி தட்டுன்னா மேலோடு மட்டும்னு நெனைக்காதீங்க, மேலோடும் கவசத்தோட மேல் இறுகுன பகுதியும் சேந்த பாறைக்கோளம்தான் தட்டு, சுமார் 100 கி.மீ. தடிமன். எனக்கு வகுப்பெடுத்த ஒரு கோச்சிங் சென்டர்லயே இதை மாத்தி சொல்லிக் குடுத்தாங்க, நானும் ஒரு வருஷம் அப்படியே நம்பிட்டு இருந்தேன்.

தட்டு நகர்வுக்கு நான் பண்ணது ஒரே வேலை, டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் உலக மேப்பை கோணல்மாணலா போட்டு தட்டு எல்லைகளை மட்டும் செவப்பு பேனால இழுக்குறது. பத்து நாள் போட்டா போதும். அப்படி போடும்போதுதான் ஒன்னு உறைச்சுது, கடற்கரை வேற தட்டு எல்லை வேற. நம்ம மெரினா ஓரத்துல எல்லையே கிடையாது, இந்தியத் தட்டு வங்காள விரிகுடாவுக்கு அடியில ஓடிப்போய் அந்தமான் கிட்டதான் பக்கத்து தட்டுக்கு கீழ சொருகுது. 2004 டிசம்பர் 26 காலைல ஆறரை மணி வாக்குல சுமத்ராகிட்ட ஆரம்பிச்சு அந்த எல்லை சுமார் 1300 கி.மீ. நீளத்துக்கு கிழிஞ்சது, ரிக்டர்னு பேச்சு வழக்குல சொல்றோமே அந்த அளவு 9.1. சுனாமி அலை நம்ம கரைக்கு வர சுமார் ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாகப்பட்டினம், கடலூர்ல அத்தனை உயிர் போனதுக்கு எல்லை பக்கத்துல இருக்கணும்னு அவசியமே இல்லைங்குறது அந்த செவப்பு கோட்டை இழுத்தப்பதான் எனக்கு புரிஞ்சுது.

வேகக் கணக்குக்கு ஒரு குறுக்கு வழி: வருஷத்துக்கு 1 செ.மீ. நகந்தா ஒரு கோடி வருஷத்துல 100 கி.மீ. இந்தியா மடகாஸ்கர்ல இருந்து பிரிஞ்சப்புறம் ஒரு கட்டத்துல வருஷத்துக்கு 15 செ.மீ.க்கு மேல ஓடுச்சு, அதாவது கோடி வருஷத்துக்கு 1500 கி.மீ., தட்டுகள்ல இது தலைதெறிக்கிற ஓட்டம். சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆசியாவை முட்டுச்சு, இன்னமும் வருஷத்துக்கு 5 செ.மீ. முட்டிட்டே இருக்கு. நடுவுல இருந்த டெதிஸ் கடலோட அடித்தரை மேல ஏறுச்சு, அதனாலதான் எவரெஸ்ட் உச்சில கடல் உயிர்களோட புதைபடிவம் உள்ள சுண்ணாம்புக்கல் உக்காந்துருக்கு.

கண்டங்கள் நகருதுன்னு சொன்ன வெகனரைப் பத்தி எல்லா நோட்ஸ்லயும் இருக்கும், நான் அதை ஒரு வருஷத்தோட கட்டி வெச்சுக்கிட்டேன். 1912 ஜனவரில அவர் ஜெர்மனில கண்ட நகர்வை பத்தி பேசுறாரு. அடுத்த மாசமே, பிப்ரவரில, தென்துருவத்துல இருந்து திரும்பிட்டு இருந்த ஸ்காட் குழு பனிக்கு நடுவுல பாறைகளை பொறுக்கி ஸ்லெட்ஜ்ல ஏத்துறாங்க. சோறில்ல, கால் மரத்துப்போச்சு, ஆனாலும் அந்த 16 கிலோ கல்லை தூக்கி எறியலை. அந்த வருஷ கடைசில அவங்க உடல்களோட அந்த கல்லும் கெடைச்சுது, அதுல குளோசோப்டெரிஸ் இலை பதிஞ்சிருந்துச்சு. நம்ம நிலக்கரி வயல்கள்ல கெடைக்கிற அதே செடி. அப்போ ரெண்டு எடமும் ஒரு காலத்துல ஒன்னா ஒட்டியிருந்த பெருங்கண்டம், அதுதான் கோண்டுவானா. அந்த பேரே கோண்டு மக்கள் நிலத்துல இருந்து வந்ததுதான். இவ்ளோ இருந்தும் கண்டம் எதனால நகருதுன்னு வெகனரால சொல்ல முடியலை, 1930ல கிரீன்லாந்து பனில செத்துட்டாரு, 1962ல ஹாரி ஹெஸ் கடல்தரை விரியுதுன்னு எழுதுன பிறகுதான் உலகம் திரும்பி பாத்துச்சு.

இப்ப எல்லாரும் பயப்படுற கால அட்டவணை. எனக்கு இது ஒரு நைட் பஸ்ல செட் ஆச்சு. மெட்ராஸ்ல இருந்து மதுரை சுமாரா 460 கி.மீ., பூமியோட வயசு சுமாரா 460 கோடி வருஷம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோடி. மெட்ராஸ்ல பூமி பொறக்குது, மதுரை பெரியார் ஸ்டாண்டு இன்னைக்கு. மதுரைக்கு இன்னும் எத்தனை கி.மீ. பாக்கியோ, அத்தனை கோடி வருஷத்துக்கு முன்னாடி. பல்லாவரம் மலைல இருக்க சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி வருஷம், அது உளுந்தூர்பேட்டை தாண்டுனதும் வருது. (அந்த பேரு கல்கத்தாவுல ஜாப் சார்னாக் கல்லறைல போட்ட கல்லுல இருந்து வந்தது, கல்லு இங்கிருந்து போனதுன்னு சொல்லுவாங்க.) அதுக்கு கொஞ்சம் தள்ளி காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிக்குது. திருச்சி வந்தாச்சு, எறங்கி டீயும் குடிச்சாச்சு, இன்னும் நுண்ணுயிரும் பாசியும்தான், வேற ஆளைக் காணோம். கொட்டாம்பட்டி பக்கம் வந்தாதான் கேம்பிரியன், 54 கோடி, அங்கதான் ஓடு வெச்ச உயிரெல்லாம் கூட்டமா ஏறுது. இதுவரைக்கும் வந்த 400 கி.மீ.யும் ப்ரீகேம்பிரியன். மேலூர் தாண்டி கொஞ்ச தூரத்துல 25.2 கோடி, பெர்மியன் பேரழிவு, கடல் உயிர்ல பெரும்பங்கு காலி. அது முடிஞ்சு ரெண்டு கிலோமீட்டர்ல டைனோசர் ஏறுது. பெரம்பலூர் சாத்தனூர்ல கெடக்குற 18 மீட்டர் கல்மரம் சுமார் 12 கோடி, ஒத்தக்கடைக்கு முன்னாடியே. ஒத்தக்கடை, 9 கோடி, மடகாஸ்கர் பிரியுது. மாட்டுத்தாவணில கண்டக்டர் எல்லாரையும் எறக்கி விடுவாருல்ல, டைனோசரும் அங்கதான் எறங்குச்சு, 6.6 கோடி, தக்காண எரிமலைக் குழம்பு கொட்டுனதும் அதே சமயத்துலதான். அங்கிருந்து டவுன் பஸ், அது புத்துயிர் ஊழி. கே.கே.நகர் பக்கம் இந்தியா ஆசியாவை முட்டுது. மனுஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சப்புறம், கடைசி 30 மீட்டர்ல வரான். கீழடி 26 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கு கொஞ்சம் மேல.

நீங்க கோயம்புத்தூரா இருந்தா உங்க ரூட்டுக்கு போட்டுக்கோங்க, தூரம் அச்சு அசலா பொருந்தணும்னு இல்ல, எது எதுக்கு முன்னாடி வருதுங்குறதுதான் கேள்வில கேப்பாங்க.

என் ரூம்மேட் அரியலூர்க்காரன். ஒரு தடவை ஊருக்கு போய்ட்டு வந்து பைக்குள்ள இருந்து ஒரு கல்லை எடுத்து டேபிள்ல வெச்சான், உள்ளங்கை அகலம், ஜீரா காஞ்சுபோன ஜிலேபி மாதிரி சுருண்டு, வரி வரியா மேடு, ஓரத்துல செம்மண்ணு ஒட்டிருந்துச்சு. "மாப்ள, எங்கூரு பொட்டக்காட்டுல சின்ன வயசுல இதை வெச்சு சில்லு வெளாடுவோம்டா." அம்மோனைட், சுருள் ஓடு வெச்ச பழைய கடல் உயிரோட புதைபடிவம். க்ரெட்டேசியஸ், அதாவது டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதி, அந்தக் கடல்ல நீந்துனது, அரியலூர் வரைக்கும் அப்ப கடல். சிமெண்ட் ஃபேக்டரிக்கு தோண்டுற சுண்ணாம்புக்கல்லும் அந்த கடல்ல படிஞ்சதுதான். அது வரைக்கும் க்ரெட்டேசியஸ்னா எனக்கு கோடு போட்டு மனப்பாடம் பண்ண ஒரு சொல்லு. (இத படிச்சுட்டு யாரும் அங்க காரைங்குற ஊர்ப்பக்கம் போய் கல்லு அள்ளிட்டு வராதீங்க, பாத்துட்டு அங்கயே போட்டுட்டு வாங்க. அவனையும் அடுத்த தடவை கொண்டுபோய் போட சொல்லிட்டேன்.)

ரிவிஷன்னா பெருசா ஒன்னும் இல்ல. காலண்டர் தாள் ஒன்னு, பஸ் ரூட் எழுதுன தாள் ஒன்னு, அலைகள் படம் ஒன்னு, மூணே தாள். ரெண்டாவது தடவை பரீட்சை எழுதிட்டு அன்னைக்கு ராத்திரியே ஊருக்கு பஸ் ஏறுனேன், நல்ல தூக்கம். விடியக்காலைல யாரோ "ஒத்தக்கடை எறங்குறவங்கல்லாம் வாங்க"ன்னாங்க. கண்ணை தொறக்காமலே மடகாஸ்கர்னேன், பக்கத்து சீட்டு அண்ணன் ஒரு மாதிரியா பாத்தாரு.