மேலே பாருங்கக்கா

மூளையின் அடிப்பக்கத்திலிருந்து இறங்கித் தண்டுவடத்தோடு சேரும் மூளைத்தண்டு மொத்தமே ஏழெட்டு சென்டிமீட்டர்தான். பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இருக்கும் மூளை அருங்காட்சியகத்தில், பதப்படுத்திய நிஜ மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். வருகிறவர்கள் மடிப்பு மடிப்பான மேல்பக்கத்தைத்தான் ஆசையாகத் தடவிப் பார்க்கிறார்கள். அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஏன் தோன்றியது என்றால், என் சம்பளமே அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. நான் இந்த ஊரில் ஒரு நியூரோ ஐசியுவில் நர்ஸ். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் கேஸ்கள் அதிகம். அதனால் வார்டில் நர்ஸ் வேலையோடு தமிழ் வேலையும் எனக்குத்தான்.

மேலே நடுமூளை, நடுவில் முன்பக்கம் புடைத்துக்கொண்டு பான்ஸ், கீழே முகுளம். மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் பாதைகளும், உடம்பிலிருந்து ஏறும் பாதைகளும் இந்த மூன்றையும் கடந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்றால் பாதை அறுந்திருக்கிறது என்று தெரியும். எந்த உயரத்தில் என்று தெரியாது. அதைச் சொல்வது கபால நரம்புகள், அதாவது மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகள்; பெயரோடு 1 முதல் 12 வரை எண்ணும் உண்டு. அவற்றின் நரம்புக்கருக்கள் (நரம்புச் செல்கள் கூட்டமாக இருக்கும் இடங்கள்) ஒவ்வொன்றும் அதனதன் மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பார்த்து அடைப்பைப் பிடிக்கிற பிளம்பர் வேலைதான் இது. 3, 4 நடுமூளை. 5 முதல் 8 வரை பான்ஸும் அதன் கீழ் விளிம்பும். 9, 10, 12 முகுளம். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ் 2005இல் இதற்கு 'நான்கின் விதி' என்று ஒரு சுருக்குவழி எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது: 3, 4, 6, 12 என, பன்னிரண்டை மீதியில்லாமல் வகுக்கும் எண்களின் இயக்கக் கருக்கள் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும், 5, 7, 9, 11 பக்கவாட்டில். ஒன்றும் இரண்டும் மூளைத்தண்டிலேயே சேராது.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தபோது தலைவலிதான். படுக்கையருகே வந்தால் ஒரு டார்ச், ஒரு பஞ்சுத் திரி, சளி உறிஞ்சும் ஒரு சக்ஷன் குழாய் போதும். டார்ச் அடித்ததும் பியூப்பில், அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துளை, சுருங்கினால் நடுமூளை பதில் சொல்கிறது. கருவிழியில் பஞ்சு பட்டதும் இமை மூடினால் ஐந்தாவது நரம்பு உள்ளே கொண்டுபோன சேதிக்கு ஏழாவது பதில் தந்திருக்கிறது, அது பான்ஸ். சக்ஷன் குழாய் மூச்சுக்குழலுக்குள் இறங்கும்போது இருமினால் முகுளம். தலையைத் திருப்பி, கண் எதிர்ப்பக்கம் போகிறதா என்று பார்க்கும் சோதனையை டாக்டர்கள் செய்வார்கள். கழுத்தெலும்பில் அடி இல்லை என்று உறுதியான பிறகுதான்.

பியூப்பிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவருக்கு ஒரு பக்கப் பியூப்பில் மட்டும் விரிந்தால் நடுராத்திரியானாலும் சர்ஜனை எழுப்புவோம். பியூப்பிலைச் சுருக்கும் இழைகள் மூன்றாவது நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. மேலிருந்து வீங்கி இறங்கும் மூளை நரம்பை அழுத்தினால் முதலில் நசுங்குவது அவைதான். இதற்கு நேர்மாறு, ஊசிமுனைப் பியூப்பில். லாரி ஓட்டும் ஒருவரை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். இரண்டு பியூப்பிலும் கடுகளவு, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கேஷுவால்டியில் கேட்ட முதல் கேள்வி: "மருந்து ஏதாவது குடிச்சாரா?" பூச்சிமருந்து குடித்தாலும் பியூப்பில் அப்படித்தான் ஆகும்; கேட்காமல் இருக்க முடியாது. அவர் மனைவிக்கு அது செருப்பால் அடித்த மாதிரி. "எங்க வீட்ல அப்படி ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தாங்க இட்லி சாப்ட்டுட்டுப் போனாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எச்சில் ஒழுகவில்லை, வியர்வை இல்லை, மருந்து வாடை இல்லை. சிடி ஸ்கேனில் பான்ஸுக்குள் ரத்தக்கசிவு. பியூப்பிலை விரிக்கும் நரம்புப் பாதை (சிம்பதெடிக் என்பார்கள்) பான்ஸ் வழியாகத்தான் இறங்குகிறது. அது அடிபட்டால் சுருக்கும் பக்கம் மட்டும் மிச்சம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கடுகும் வெளிச்சத்துக்கு அசையும். நடுமூளை நன்றாக இருக்கிறதே! அந்தம்மாவிடம் போய், "மருந்து இல்லைங்க, மூளைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு" என்று சொன்னேன். செய்தி அதைவிட மோசம்தான். ஆனாலும் முகத்தில் ஒரு நிமிஷம் நிம்மதி வந்தது.

இதே சோதனைகளைத்தான், எதற்குமே பதில் வராத கட்டத்தில், மூளைத்தண்டு மரணம் என்று அறிவிப்பதற்கும் செய்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. கடைசியில் வென்டிலேட்டரை விலக்கி, ரத்தத்தில் கரியமில வாயு 60 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறியும் மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். குடும்பத்தார் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "நெஞ்சு துடிக்குதே சிஸ்டர்?" இதயத்துக்குத் துடிப்பு அதன் மேலறையில் உள்ள சைனஸ் கணுவிலிருந்தே பிறக்கிறது, ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது தன்பாட்டுக்கு ஓடும். மூச்சுக்கு அப்படி ஒரு சொந்த ஏற்பாடு கிடையாது. முகுளத்திலிருந்து உத்தரவு வந்தால்தான் உண்டு. இதை நான் எத்தனை விதமாகச் சொன்னாலும் முதல் தடவையில் யாருக்கும் ஏறுவதில்லை. ஏறவும் வேண்டாம் என்றுதான் சில சமயம் தோன்றும்.

மேலிருந்து கீழே பார்ப்பது ஒரு கணக்கு. முன்னும் பின்னும் பார்ப்பது வேறு கணக்கு. தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். பான்ஸைக் குறுக்கே வெட்டினால் முன்பாதியில் கை காலுக்கும் முகத்துக்கும் போகும் உத்தரவுப் பாதைகள். பின்பாதியிலும் அதற்கு மேலே நடுமூளையிலும், நம்மை விழிப்பில் வைத்திருக்கும் வலைப்பின்னல். 1949இல் மொரூஸி, மகூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனையின் மூளைத்தண்டில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, மூளை அலைகள் தூக்கத்திலிருந்து விழிப்புக்கு மாறின. அப்படியென்றால் பான்ஸுக்கு ரத்தம் கொண்டுவரும் பேசிலார் தமனி அடைபட்டு முன்பாதி மட்டும் போனால் என்ன ஆகும்? ஆள் முழு நினைவோடு இருப்பார், ஒரு விரல் அசைக்க முடியாது.

திருவண்ணாமலைப் பக்கத்துச் சத்துணவு அமைப்பாளர் ஒருவர் அப்படித்தான் வந்தார். வென்டிலேட்டரில், கண் திறந்தபடி. ரவுண்ட்ஸில் ஒருவர் கன்னடத்தில் கையைத் தூக்கச் சொன்னார், இன்னொருவர் இந்தியில் விரலைப் பிடிக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. தம்பி மட்டும் "அக்கா என்னைப் பாக்குதுங்க சிஸ்டர்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தமிழில் "இந்தப் பக்கம் பாருங்கக்கா" என்றேன். அதுவும் நடக்கவில்லை. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் உத்தரவு பான்ஸில் இருக்கிறது, அதுதான் போய்விட்டதே. எந்த மொழியில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான். எங்கள் ரெசிடென்ட், மைசூருப் பெண், ஸ்கேனைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "சிஸ்டர், மேலே பார்க்கச் சொல்லுங்க." கண்ணை மேலும் கீழும் அசைப்பது நடுமூளை. சொன்னேன். கண் இரண்டும் நிதானமாக மேலே ஏறி நின்றன. "கீழே?" இறங்கின. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவை அளப்பது கிளாஸ்கோ அளவீடு. அன்றைய சார்ட்டில் அதன்படி அவருக்குக் கண் 4, பேச்சுக்கு எண்ணில்லாமல் 'ட்யூப்', அசைவு 1. நினைவே திரும்பாமல் கண் மட்டும் திறந்து கிடக்கிறவருக்கும் அதே எண்தான் வரக்கூடும். 1974இல் வந்த அந்த அளவீட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு மூளைத்தண்டு தெரியாது. மேயோ கிளினிக்கில் உருவாகி 2005இல் வெளிவந்த ஃபோர் அளவீட்டில் பியூப்பில், கருவிழி, இருமல், மூச்சு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. கண் பகுதியில் முழு மதிப்பெண் வாங்க, சொன்னபடி இமைக்கவோ பார்வையால் பின்தொடரவோ வேண்டும். ட்யூப் போட்டவர்களுக்கு அதுதான் உருப்படி என்பது என் கட்சி. எங்கள் சார்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் கையால் எழுதுகிறேன். ஆடிட்டில் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அக்காவுக்கு ஆங்கில எழுத்துப் பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். அது அவருக்குப் பயன்படவில்லை. தமிழில் 247 எழுத்தையும் எழுதினால் விரலை நகர்த்தி முடிப்பதற்குள் ஷிப்டே முடிந்துவிடும். நானும் தம்பியும் ஒரு அட்டையில் மேலே உயிர் பன்னிரண்டு, கீழே மெய் பதினெட்டு என்று மட்டும் எழுதினோம். முதலில் மெய், அப்புறம் உயிர். இரண்டையும் சேர்ப்பது எங்கள் வேலை. சரி என்றால் கண் மேலே, இல்லை என்றால் கீழே. முதலில் ஏ வந்தது. பிறகு ச், இ. தம்பி என்னைப் பார்த்தார். எங்கள் ஐசியுவில் ஏசி மொத்தத்துக்கும் ஒன்றுதான், குறைக்க முடியாது. ஸ்டோரிலிருந்து இன்னொரு கம்பளி எடுத்து வந்து போர்த்திவிட்டேன். காலை மூடுவதா வேண்டாமா என்பதற்கு மறுபடி அட்டையை எடுத்தோம்.