சென்னிமலையில் ஒரு குழந்தைப் போர்வை

சென்னிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 1320 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது பெட்ஷீட் வாங்கி வருவார்கள். நான் மலையேறாமல் நேராகத் தறிக்குப் போனேன். தங்கைக்கு ஒன்பதாம் மாதம். குழந்தைக்கென்று சொல்லி நெய்த போர்வை ஒன்று வேண்டும்.

பெட்ஷீட் போன்றவற்றைக் கைத்தறிக்கென ஒதுக்க 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் தெருவில் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். அதைத் தாண்டி உள்ளே போனால் குழித்தறி. தெரிந்தவர் மூலம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த அக்கா, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். தறியில் வெள்ளையும் இளமஞ்சளுமாகப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏறியிருந்தது.

மெத்தென்று வருவது எதனால் என்று கேட்டேன்.

"எல்லாம் ஊடையிலதானுங்க இருக்குது" என்றார். ஊடை என்பது குறுக்கே ஓடும் நூல்.

பாவு நூல் தறியின் இழுப்பைத் தாங்க வேண்டும். அதனால் முறுக்கும் அதிகம், கஞ்சியும் போட்டிருக்கும். ஊடைக்கு அந்தப் பாடு இல்லை. முறுக்குக் குறைந்த, பருமனான நூலே போதும். நூலின் நம்பர் ஏற ஏற இழை சன்னமாகும். 840 கஜ நூல் சுற்றிய சிட்டம் 20 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 20-ஆம் நம்பர். எங்கள் போர்வைக்குப் பாவு 20, ஊடை 10.

மீதி கையில் இருக்கிறது. கயிற்றை வெடுக்கென்று இழுத்தால், ஊடை நூலைச் சுமக்கும் நாடா குறுக்கே பாய்கிறது. பலகையை நெஞ்சுப் பக்கம் இழுத்து ஊடையைச் சேர்த்து, மிதியை மாற்றுகிறார். பெட்ஷீட் என்றால் தட்டு ஓங்கி விழுமாம். இதற்கு, பால் குடித்த குழந்தையின் முதுகில் தட்டுகிற மாதிரி ஒரே தட்டு. என்னையும் கொஞ்ச நேரம் உட்காரவைத்தார். "ஓங்கி அடிக்காதீங்க கண்ணு, கெட்டியாப் போயிரும்." கை, கால், கண் மூன்றும் சேர்ந்து ஓட வேண்டிய வேலை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவர் எப்படித்தான் நெய்கிறாரோ!

தறியிலிருந்து அறுத்தபோது துணி விறைப்பாகத்தான் இருந்தது. கஞ்சி இறங்க வேண்டுமே. வெந்நீரில் ஊறவைத்து அலசினால் நூல் உப்பிக்கொள்ளும், துணியும் சற்றுச் சுருங்கும். அதற்காகவே ஒரு சாண் கூட நெய்திருந்தார். குஞ்சம் விட்டால் பிஞ்சு விரல் மாட்டும் என்று ஓரத்தை மடித்துத் தைக்கச் சொன்னேன்.

எல்லாம் சரி, அம்மாதான் மசியவில்லை. பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் பழைய நூல்சேலைதான், புதுத்துணி உறுத்தும் என்கிறார். "இன்னும் பத்துத் தடவை துவைச்சு எடுத்துட்டு வா, அப்புறம் பார்க்கலாம்."