தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும் சொற்கள்: ஓ.இ.டி. எழுத்துப் பகுதியில் 290-லிருந்து 360 வரை

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் முடிவு சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. எழுத்துப் பகுதியில் 360. முதல் முறை அதே பகுதியில் 290 வாங்கியிருந்தேன். பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. இந்தப் பகுதிக்குக் கேட்பது 300. மற்ற மூன்று பகுதிகளும் முதல் முறையே 350-ஐத் தாண்டியிருந்தும், அந்தப் பத்து மதிப்பெண்ணுக்காக ஏழு மாதம் இரவுப் பணிக்கும் புத்தகத்துக்கும் நடுவே அலைந்தேன். அந்த ஏழு மாதத்தில் நான் கற்றதை, அடுத்து எழுதப்போகும் செவிலியர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் தேர்வு முடிந்து சென்னையிலிருந்து இரவுப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். தூக்கம் வரவில்லை. எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய கடிதத்தை நினைவிலிருந்து ஒரு நோட்டில் மறுபடி எழுதிப் பார்த்தேன். விழுப்புரம் தாண்டியதும் ஒரு சொல்லில் பேனா நின்றது. மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் நோயாளியைக் 'கம்ப்ளையண்ட்' என்போம். புகாருக்குக் 'கம்ப்ளைண்ட்' என்போம். வார்டில் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். எழுத்தில் வேறுபாடு ஒரே இடத்தில்தான்: 'எல்'லுக்குப் பிறகு ஏ, ஐ என்று வந்தால் புகார், ஐ, ஏ என்று வந்தால் சொன்னபடி நடப்பவர். நான் கடிதம் முழுவதும், மூன்று இடங்களில், புகாரை எழுதி வைத்திருந்தேன். மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில்லை என்ற செய்தியைப் படிக்கும் மருத்துவர், அந்த நோயாளிக்குப் புகார் எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ள இடம் கொடுத்திருந்தேன்.

கேள்வித்தாளில் என்ன வந்தது என்று வெளியில் சொல்லக் கூடாது; அதனால் சொல்லை மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது என்று இன்றும் நம்புகிறேன். கடிதத்துக்கு ஆறு அளவுகோல்களில் மதிப்பெண் தருகிறார்கள்: நோக்கத்துக்கு அதிகபட்சம் 3, மற்ற ஐந்துக்கும் தலா 7. அவற்றில் மொழி ஒன்றுதானே என்று பலர் சமாதானம் சொன்னார்கள். ஆனால் தவறான சொல் மொழியோடு நிற்பதில்லை. தெளிவையும் தின்கிறது, நோக்கத்தையும் தின்கிறது.

ஊருக்கு வந்ததும் பயிற்சி நிலையத்தில் நான் எழுதிய பழைய கடிதங்களை எடுத்தேன். அதே பிழை நான்கு கடிதங்களில் இருந்தது. ஒன்றின் மேலும் சிவப்பு மை படவில்லை. மாதிரிக் கடிதங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், அழகான தொடக்க வரிகளைத் தந்தார்கள். என் சொல்லை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் கடிதத்தைத் திருத்துபவர் சொல் சொல்லாகப் படிக்கிறாரா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

அன்றிரவு எனக்கு ஒரு வழி தோன்றியது. நான் குழம்பும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பது. எழுத எழுத அதிர்ந்துபோனேன். 'லூஸ்' என்று எழுதினேன்: ஒரு ஓ இருந்தால் இழப்பது, இரண்டு ஓ இருந்தால் தளர்வானது. தமிழில் இரண்டும் ஒரே லூஸ். 'டோஸ்' என்று எழுதினேன்: எஸ் போட்டால் மருந்தின் அளவு, இசட் போட்டால் கண்ணயர்வது. தமிழில் ஒரே டோஸ். நமக்கு 'ஸ்' ஒன்றுதான். ஆங்கிலத்திலோ அதற்கு அதிரும் ஒலி ஒன்றும் இருக்கிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு இரு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். மருந்தின் அளவைச் சொல்லி முடிக்கும்போது தொண்டை சும்மா இருக்கும். கண்ணயர்வைச் சொல்லும்போது விரலுக்கு அடியில் ஓர் அதிர்வு தெரியும். இதைப் பணி முடிந்து வரும் பஸ்ஸிலேயே செய்து பழகினேன்.

தமிழில் எழுதினால் எந்த இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடுகின்றனவோ, அவைதாம் உங்களுக்கு ஆபத்தானவை. அவற்றை மட்டும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். என் நோட்டில் 62 ஜோடிகள் சேர்ந்தன. கடிதத்துக்கு அடிக்கடி வேண்டியவை இவை:

- அட்வைஸ்: சி போட்டால் அறிவுரை என்ற பெயர்ச்சொல், எஸ் போட்டால் அறிவுரை கூறுவது என்ற வினை. கடைசி மூன்று எழுத்து 'ஐஸ்' என்ற சொல்லாக இருந்தால் அது பொருள், ஆகவே பெயர்ச்சொல். பிரிட்டிஷ் எழுத்தில் ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டுக்கும் இதே விதி. பெயர்ச்சொல்லான அட்வைஸுக்குப் பன்மை கிடையாது.
- ஹீல்: இரண்டு ஈ இருந்தால் குதிகால், ஈ, ஏ என்று வந்தால் ஆறுவது. சர்க்கரை நோயாளியின் குதிகால் புண் ஆறுகிறது என்று எழுதும்போது இரண்டும் ஒரே வரியில் வரும்.
- பேரிங்: காலில் எடை தாங்குவதற்கு ஈ, ஏ. ஏ மட்டும் போட்டால் ஆடையை விலக்குவது.
- கோர்ஸ்: ஓ, யு என்றால் ஆன்டிபயாடிக் முறை, ஓ, ஏ என்றால் கரடுமுரடு.
- மியூகஸ்: ஓ இல்லாவிட்டால் சளி, ஓ, யு வந்தால் 'சளி சார்ந்த' என்ற பெயரடை.
- இலியம்: நடுவில் ஈ இருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ இருந்தால் இடுப்பெலும்பின் மேல்பகுதி.

தமிழில் வேறுபட்டாலும் அவசரத்தில் கலந்துவிடும் ஜோடிகளும் உண்டு. மூச்சு ப்ரெத், மூச்சு விடுவது ப்ரீத்: கடைசியில் ஈ இருந்தால் வினை. தொட்டுப் பரிசோதிப்பது பால்பேஷன், படபடப்பு பால்பிடேஷன். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். உணவுக்குழாயான ஈசோஃபேகஸில் இருக்கும் அதே ஜி விழுங்குவதற்கும் வரும். ஸ்பீச்சின் எஸ் பேச்சுக்கு வரும். அஃபெக்ட், எஃபெக்ட் குழப்பத்துக்கு விதி எதையும் தேடாதீர்கள். 'சைட் எஃபெக்ட்' என்று தினமும் பத்து முறை சொல்கிறோம். அந்த ஈ-யைப் பிடித்துக்கொண்டால் போதும், அது பெயர்ச்சொல். மனநலப் பிரிவில் மட்டும் முகத்தில் தெரியும் உணர்ச்சியை ஏ போட்டு அஃபெக்ட் என்ற பெயர்ச்சொல்லாகவே எழுதுவார்கள். இப்படித்தான் ஒவ்வொரு ஜோடிக்கும் வார்டில் நாம் ஏற்கெனவே சரியாகச் சொல்லும் ஒரு தொடரை முளையடித்து வைத்தேன். இரண்டு ஓ உள்ள லூஸுக்கு 'லூஸ் மோஷன்'. அதன் பிறகு எடை இழப்பதில் நான் தவறியதே இல்லை.

இதுவரை சொன்னவை எழுத்துக் குழப்பம். இதைவிட ஆழமானது இன்னொன்று: தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் நான்கு. பேசும் பகுதிக்கும் இது உயிர்நாடி.

மயக்கம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு ஓர் அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, மயக்கமாக வருகிறது சிஸ்டர் என்றார். உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். குறைந்திருந்தது. பதிவேட்டில் வழக்கம்போல் 'கிட்டினஸ்' என்று எழுதப் போனவள் நின்றுவிட்டேன். அவருக்குத் தலை லேசாக ஆடியதா, அறை சுற்றியதா, விழப்போகும் உணர்வா, வெறும் தூக்கக் கலக்கமா? திரும்பிப் போய்க் கேட்டேன். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, விழவில்லை என்றார். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. தலை ஆடினால் டிஸ்ஸி. அறை சுற்றினால் வெர்டிகோ. விழப்போகும் உணர்வு 'ஃபெல்ட் ஃபெயின்ட்', விழுந்தேவிட்டால் 'ஃபெயின்டட்'. தூக்கக் கலக்கம் டிரவ்ஸி. கூப்பிட்டும் எழாவிட்டால் அன்கான்ஷியஸ். அந்த அம்மாவுக்கு நடந்தது மூன்றாவது வகையின் முதல் பாதி. 'ஃபெயின்டட்' என்று எழுதியிருந்தால் நினைவிழந்து விழுந்தவராகக் கருதி மருத்துவர் வேறு பரிசோதனைகளுக்குப் போயிருப்பார். சொல்லின் கடைசி இரண்டு எழுத்து ஒரு நோயாளியின் பாதையை மாற்றும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கை, கால், இடுப்பு மூன்றும் இதே கதைதான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஆர்ம், அதற்குக் கீழேதான் ஹேண்ட். கணுக்கால் வரை லெக், அதற்குக் கீழே ஃபுட். நமக்கு எல்லாம் கையும் காலும். இடுப்பு வலி என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் கீழ்முதுகு வலி. அதை 'ஹிப் பெயின்' என்று எழுதினால் படிப்பவர் தொடை எலும்பு சேரும் மூட்டை நினைப்பார். 'லோயர் பேக்' என்று எழுதுங்கள். மாத்திரையை நாம் போடுகிறோம், சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் 'டேக்' மட்டும்தான். மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதற்கு 'சின்ஸ் த்ரீ டேஸ்' வராது, 'ஃபார் த்ரீ டேஸ்'. திங்கட்கிழமை முதல் என்றால்தான் சின்ஸ்.

கேட்டல் பகுதியில் என்னை ஏமாற்றியது 'சிக்'. பயிற்சி ஒலிப்பதிவு ஒன்றில் நோயாளி, காலையிலிருந்து இரண்டு முறை 'சிக்' ஆனேன் என்றார். உடம்பு சரியில்லை என்று எழுதினேன். விடை வாந்தி. பிரிட்டனில் 'ஃபீல் சிக்' என்றால் குமட்டல், 'பீன் சிக்' என்றால் வாந்தி எடுத்தாயிற்று, வேலைக்கு 'ஆஃப் சிக்' என்றால்தான் உடல்நலக் குறைவால் விடுப்பு. அங்கே ஒருவர் காலையில் சர்ஜரிக்குப் போனேன் என்றால் பதறாதீர்கள். குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கும் அதுதான் பெயர்.

கடிதத்தின் முடிவு வரிகளில் நம் அலுவலக ஆங்கிலம் நுழைந்துவிடும். சந்தேகம் என்ற சொல் நமக்குக் கேள்வியையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். அதனால் 'எனி டவுட்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது எதிரில் இருப்பவரை நம்பவில்லை என்ற பொருள் தரும். 'குவெரிஸ்' என்று எழுதுங்கள். மேலும் சில, விளக்கமில்லாமல்:

- தெரிவிப்பதற்கு இன்டிமேட் வேண்டாம், இன்ஃபார்ம்.
- பதில் அனுப்புவதற்கு ரிவர்ட் வேண்டாம், ரிப்ளை.
- மருந்துதான் எக்ஸ்பயர் ஆகும்; மனிதர் இறந்தால் 'டைட்'.
- நோயாளியுடன் இருப்பவர் அட்டெண்டர் அல்லர். உறவினர் அல்லது கேரர்.

படித்தல் பகுதிக்குத் தனியாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நேரம் வைத்துப் படியுங்கள், அவ்வளவுதான்.

நான் படித்த முறை எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்டால், தனியாக உட்கார்ந்து கையால் எழுதிப் படிப்பவர்களுக்குப் பொருந்தும் என்பேன். கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நால்வர் சேர்ந்தால் நால்வரின் தவறும் ஒருவருக்கு ஒட்டிக்கொள்கிறது. கைபேசியில் தட்டச்சு செய்து பழகவே பழகாதீர்கள். அது எழுத்தைத் தானே திருத்திவிடும், உங்கள் கை தன் தவறை அறியாமலே போகும். நோட்டின் இடப்பக்கம் தமிழ் எழுத்தில் சொல், வலப்பக்கம் இரண்டு ஆங்கில வடிவம், கீழே வார்டிலிருந்து ஒரு வாக்கியம். நாளுக்கு இரண்டு ஜோடி போதும். மறுநாள் வலப்பக்கத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்.

தேர்வு நாளில் முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும். அதன் பின் வரும் 40 நிமிடத்தில் 33 நிமிடத்துக்குள் கடிதத்தை முடித்துவிடுங்கள். மீதி நேரத்தில் மேலிருந்து படிக்காதீர்கள். மேலிருந்து படித்தால் பொருள் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது. கடைசி வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி, பேனா முனையை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்துப் பின்னோக்கி வாருங்கள். நோட்டில் இருக்கும் சொல் வந்தால் நின்று, எழுத்தெழுத்தாக உதட்டுக்குள் சொல்லுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

இரண்டாம் தேர்வில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். கடைசிப் பத்தி சுத்தமாக இருந்தது. அதற்கு முந்தையதும். இரண்டாவது பத்தியின் நடுவில் பேனா நின்றது. ஓர் ஏ-யை அடித்து, மேலே தெளிவாக ஈ எழுதினேன். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.